ஆறாவது மூக்கு

காலையில் சோப்பு கூடாது.
காப்பி கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது.
வெறும் தண்ணீரில் கை கழுவிவிட்டு
வெள்ளை அறைக்குள் போய் உட்கார வேண்டும்.
கொங்கார்னோ துறைமுகத்தில்
ஐஸ் ஆலையை ஒட்டிய கட்டடம், இரண்டாம் மாடி.
கதவில் பெயர் இல்லை, நாற்காலியில் எண் உண்டு.
நான் ஆறாவது மூக்கு.

கப்பல் உடைந்து பதினோரு வாரம்.
இங்கே யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை.
இரவில் பாம்பைச் சொல்லாத மாதிரி
'அது' என்கிறார்கள்.
அது கக்கியது பெட்ரோல்கூட இல்லை,
எல்லாம் வடித்தெடுத்த பிறகு
அடியில் தங்கும் கசடு.
பாறையேறி, பாசி இருந்த இடத்தில்
பாசி மாதிரியே உட்கார்ந்துகொண்டது.
முதல் வாரம் ஒதுங்கிய பறவைகள்
தம் இறகைத் தாமே கோதிக் கோதி
கசடைத் தின்று செத்தன.
சுத்தமாக இருக்க நினைத்தது
அவை செய்த ஒரே பிழை.

நெய்தல் என்ற சொல்லுக்குள்
நெய் இருப்பதை
இத்தனை வயதில்
இந்தக் கரையில்தான் கவனித்தேன்.

வேலை எளிது.
மட்டியை உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து
கண்ணாடிக் குடுவையில் மூடித் தருவார்கள்.
குடுவைமேல் மூன்று இலக்கம்.
மூடியை விரலளவு திறந்து இரண்டு மூச்சு.
இருக்கிறது, அல்லது இல்லை.
மூன்றாவது பதிலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஒன்பது பேரில் இருவர் 'இருக்கிறது' என்றால்
அந்த விரிகுடா இன்னும் நான்கு வாரம் மூடியிருக்கும்.

தேர்வு நடந்த அன்று
ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு டீசலைக்
கண்டுபிடித்துச் சொன்னேன்.
என் மூக்கை ஒருவர் புகழ்ந்தது
வாழ்க்கையில் அன்றுதான்.

சன்னலுக்குக் கீழே வண்டிக்குள்
ரேடியோ போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள் சொவாஸிக் தங்கி.
அவளுக்கு நாற்பது மட்டிக் கயிறு.
கயிறெல்லாம் தண்ணீருக்குள், காய்த்துத் தொங்குகிறது,
அறுக்கக் கூடாது.
மேலே வர அவளுக்கு அனுமதியில்லை.
எது அவளுடைய குடுவை என்று
எங்களுக்கும் தெரியக் கூடாது.

நானூற்றுப் பதினேழைத் திறந்தேன். தெரிந்துவிட்டது.
இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும்
அவளிடம் கிலோ கிலோவாக வாங்கியவள் நான்.
ஈரச் சாக்கட்டி வாசம்,
அதன் முதுகில் வெள்ளரிப் பிஞ்சு.
வேறெந்தக் குடாவின் மட்டிக்கும் அது இல்லை.
அதற்கும் பின்னால், மிக மெல்லிசாய்,
தெருவில் போய் முனை திரும்பிவிட்ட
ஒரு மோட்டார் சைக்கிள்.

நாற்றம் என்றால் ஒரு காலத்தில் மணம்தான்.
அந்தச் சொல் எங்கே திரும்பியது
என்று கேட்டால்
இங்கே என்று குடுவையைக் காட்டுவேன்.

நேற்று மாலை என் காருக்கு
முப்பது லிட்டர் நிரப்பினேன்.
எலுமிச்சை போட்டு மூன்று முறை கழுவிய கைதான்.
அது குடுவையிலிருந்து வந்ததா,
என் நகக்கண்ணிலிருந்தா?
வெளியே போய், காற்று வாங்கி,
வந்து மறுபடி திறந்தேன்.
வெள்ளரி. சாக்கட்டி.
முனை திரும்பும் வண்டி.

கட்டத்தில் குறியிட்டேன்.
இன்னொரு மூக்கும் இட்டிருந்தது.
யாருடையது என்று கேட்பதில்லை, வழக்கமில்லை.
கீழே ரேடியோ நின்றது.
கதவு ஓங்கிச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை,
மெதுவாகத்தான் சாத்தினாள்.

சனிக்கிழமை சந்தையில்
மட்டி விற்ற அதே மேசையில்
தம்பி தோட்டத்து உருளைக்கிழங்கு விற்றாள்.
"மேலே இருப்பவர்களுக்கு நாய் மூக்காம்"
என்று சொல்லிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், எவ்வளவு சிரிக்க வேண்டுமோ
அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
ஒரு கிலோ நிறுத்துப் போட்டு
கொசுறாக ஒரு பிடி பார்ஸ்லி
பையில் திணித்தாள்.

வீடு வரும்வரை
அதை முகரவில்லை.